சாலையைத் தாண்டிய ஒரே வண்டி

பத்தொன்பது ஆண்டுகள், நாலாயிரத்துச் சொச்சம் கார்புரேட்டர்கள், சாலையைத் தாண்டி அண்ணன் கடைக்குத் தள்ளிக்கொண்டு போன வண்டி ஒன்று. பாட்டில் அக்காவின் தொழில் வாழ்க்கையை இந்த மூன்று எண்களில் சொல்லிவிடலாம். முதல் இரண்டைப் பற்றி அவர் பெரிதாகப் பேச மாட்டார். மூன்றாவதைப் பற்றிக் கேட்டால், கையிலிருக்கும் துணியை ஓரமாக வைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார்.

புதிதாக வருகிறவர்கள் அந்தப் பெயரைக் கேட்டதும் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். அக்காவுக்கும் குடிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பத்தடிக்கு எட்டடிக் கடையின் கூரையில் ஒரு கொக்கி இருக்கிறது. ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு மருந்து ஏற்றும் பழைய கண்ணாடிப் பாட்டில் ஒன்று அதில் தலைகீழாகத் தொங்குகிறது. உள்ளே பெட்ரோல். பாட்டிலின் பக்கத்தில் மில்லிக் கோடுகள். அதிலிருந்து இறங்கும் குழாயைக் கார்புரேட்டரில் மாட்டி எஞ்சினை ஓடவிட்டால், வண்டி எவ்வளவு குடிக்கிறது, எந்த இடத்தில் திணறுகிறது என்பது கண்ணுக்கு நேராகத் தெரிந்துவிடும். வண்டியின் சொந்த டேங்க் அதுவரை ஒரு மூலையில் சும்மா கிடக்கும்.

அக்காவுக்கு இப்போது நாற்பத்தாறு வயது. பதினெட்டிலிருந்து இருபத்தேழு வரை ஓர் ஆஸ்பத்திரி வார்டில் உதவியாளராக இருந்தார். அங்கே முதல் வாரமே ஒரு விஷயம் மண்டையில் ஏறியது. கண்ணாடிப் பாட்டிலின் ரப்பர் மூடியில் இரண்டு ஊசி குத்த வேண்டும். ஒன்று மருந்து இறங்க, மற்றது காற்று உள்ளே போக. அக்கா காற்றூசியை மறந்துவிட்டார். கொஞ்ச நேரம் ஒழுங்காகச் சொட்டிய மருந்து அப்படியே நின்றுபோனது. "பாட்டிலுக்கும் மூச்சு வேணும், உனக்கு மட்டும்தான்னு நினைச்சியா?" என்று தலைமை நர்ஸ் வார்டே கேட்கும்படி வாங்கு வாங்கென்று வாங்கினார். ஒன்பது வருஷம் கழித்து அந்த வார்டை மூடியபோது, அக்கா அனுமதி கேட்டு எடுத்துக்கொண்டது ஒரே ஒரு பாட்டில்.

வேலை போன கையோடு அண்ணன் கடைக்குப் போனார். அப்பா விட்டுப்போன மோட்டார் சைக்கிள் பட்டறை அது. அண்ணனுக்கு எஞ்சின் என்றால் உயிர், கார்புரேட்டர் என்றால் கொட்டாவி. பெட்ரோலையும் காற்றையும் சரியான அளவில் கலந்து எஞ்சினுக்கு ஊட்டுகிற, உள்ளங்கையில் அடங்கும் அந்தச் சின்னச் சாமானைச் சரிசெய்யப் பொறுமை வேண்டும். அண்ணனிடம் அது மட்டும் கிடையாது. கெட்டுப்போனவற்றைப் பெட்டியில் போட்டு வைத்துக்கொண்டு, புதியது மாட்டி அனுப்பிவிடுவார். அக்கா அந்தப் பெட்டியை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார். சாப்பாட்டு மேசையில் பழைய பேப்பரை விரித்து, ஒவ்வொன்றாகப் பிரித்து, எந்தத் துளை எங்கே போகிறது என்று மெல்லிய செம்புக் கம்பியை விட்டுப் பார்த்தார். டீ வடிகட்டி அந்த வாரமே கட்சி மாறி பெட்ரோல் வடிகட்டியானது. பஸ் ஓட்டுநரான கணவர் தட்டின் முன்னால் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சி, "இன்னைக்கு என்ன, சாதாரண பெட்ரோலா, ஸ்பெஷலா?" என்று கேட்பார்.

ஐந்து மாதத்தில் பெட்டியிலிருந்த முப்பத்தொன்றில் இருபத்தாறு வேலை செய்தன. அண்ணன் கடைக்கு எதிரே சாவி செய்கிறவர் காலி செய்த அறையை அக்கா பிடித்தார். திறந்த அன்றைக்கு அண்ணன் வாசலில் நின்று, "ஒரே புகாரோட ஒரு வண்டி மூணு தடவை திரும்பி வந்துச்சுன்னா, வெட்கப்படாம இங்க தள்ளிட்டு வந்துடு தங்கச்சி. நான் பார்த்துக்கறேன்" என்றார்.

"எழுதியே வச்சுக்கறேன்" என்றார் அக்கா. உள்ளே போய், பெயின்ட் டப்பாவைத் திறந்து, அண்ணன் சொன்னதை வார்த்தை மாறாமல் சுவரில் எழுதினார். வருகிறவர்கள் எல்லோரும் முதலில் படிப்பது அதைத்தான். பதினெட்டு ஆண்டுக்கும் மேலாக ஒரு வண்டியும் மூன்றாம் முறை திரும்பவில்லை.

பிறகு டெய்லர் வந்தார்.

அறுபத்தொரு வயது. டாக்டர்களுக்கும் நர்ஸுகளுக்கும் வெள்ளை கோட் தைப்பது அவர் தொழில். வெள்ளைத் துணியோடு முப்பத்தைந்து வருஷம் வாழ்ந்தவர் என்பது அவர் நிற்கும் விதத்திலேயே தெரியும். பட்டறையில் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, எதன் மீதும் சட்டை உரசாமல், அறையின் நட்டநடுவில் நிற்பார். அவருடைய மோட்டார் சைக்கிள் அக்காவைவிட இரண்டு வயது மூத்தது. ஐம்பது சிசி எஞ்சின், சாஸர் அளவுக்கு முன்விளக்கு, கிக்கரை உதைத்தால் வரும் 'டக டக டக' சத்தம். டெய்லர் வீட்டுத் தையல் மிஷினைத்தான் அதில் மாட்டியிருக்கிறார் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு.

முதலில் அவர் வந்தது மழைக்காலத்தில். கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றியதும், பெட்ரோலுக்கு அடியில் கண்ணாடிக் குண்டுபோலத் தண்ணீர் உருண்டது. டேங்க் மூடியின் நடுவில் காற்று போக ஒரு துளை இருக்கிறது. பழைய வண்டி, மூடி தேய்ந்து பள்ளமாகி, மழைநீர் அங்கே தேங்கி உள்ளே இறங்கியிருக்கிறது. அக்கா எல்லாவற்றையும் கழுவித் துடைத்து மாட்டினார். "மூடி வழியா தண்ணி போகுது டெய்லரண்ணா. மழைன்னா ஏதாவது போட்டு மூடி வைங்க" என்று சொல்லி அனுப்பினார்.

இரண்டு மாதம் சத்தமில்லை. அப்புறம் ஒரு திங்கட்கிழமை காலையில் டெய்லர் வந்தார். முகம் செத்திருந்தது.

"ரெண்டு கிலோமீட்டர் நல்லா போகுதும்மா. மேம்பாலத்து ஏத்தத்துல அப்படியே இழுவை குறைஞ்சு, நின்னுடுது. பத்து நிமிஷம் கழிச்சு உதைச்சா ஓடுது. திரும்ப ரெண்டு கிலோமீட்டர்."

"தினமுமா?"

"தினமும். போன வாரம் என் வீட்டம்மாவைப் பின்னால உட்கார வச்சு, மடியில இருபது வெள்ளை கோட். நடுப்பாலத்துல நின்னுடுச்சு. பின்னால லாரி ஆரன். அவ இறங்கி, இருபது கோட்டையும் தலைமேல வச்சுக்கிட்டு பாலம் முழுக்க நடந்தா. என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. வீட்டுக்கு வந்து பேசினா."

பேசியது இதுதான். புதிதாகத் திறக்கும் ஒரு காபிக் கடைக்காரர், அலங்காரத்துக்குப் பழைய வண்டி ஒன்று தேடுகிறார். எஞ்சினை எடுத்துவிட்டு, வெறும் கூட்டைச் சுவரில் மாட்டிவிடுவாராம். டெய்லரின் மனைவி அவரைச் சனிக்கிழமை நாலு மணிக்கு வரச் சொல்லிவிட்டார். அதற்குள் வண்டி அந்த அம்மாவை உட்காரவைத்து மேம்பாலத்தைத் தாண்டி, நிற்காமல் திரும்ப வேண்டும். தாண்டாவிட்டால் சுவர்.

"ஆணி அடிச்சா மாட்டுவாங்க?" என்றார் டெய்லர். கேலிக்குக் கேட்கவில்லை.

"அதுவரைக்கும் போகாது" என்றார் அக்கா.

அவருடைய வழக்கம், மேலிருந்து கீழே வருவது. பெட்ரோல் எந்த வழியாக இறங்குகிறதோ அதே வழியாகத் தானும் இறங்குவார். கார்புரேட்டரைத் திறப்பது எல்லாவற்றுக்கும் கடைசி. அதனால் முதலில் டேங்க் மூடியைக் கையில் எடுத்து, துளையில் வாய் வைத்து ஊதினார். காற்று தாராளமாகப் போனது. டேங்குக்குள் டார்ச் அடித்தார், துரு இல்லை. குழாயைப் பிடுங்கி அளவுக் குவளையில் விட்டார். நிமிடத்துக்கு இருநூறு மில்லிக்கு மேலேயே வந்தது, அந்தச் சின்ன எஞ்சினுக்கு அது விருந்து. பிறகு டேங்கைக் கழற்றி வைத்துவிட்டுப் பாட்டிலை மாட்டினார். வண்டி நாற்பது நிமிடம் ஒரே சுருதியில் ஓடியது. ஓடுகிற வண்டியில் எதைச் சரிசெய்வது? ஆனாலும் பெட்ரோல் அளக்கும் ஜெட்டைக் கழுவினார். பழைய குழாயை மாற்றினார். அனுப்பினார்.

புதன்கிழமை வண்டி திரும்பி வந்தது. அதே பாலம், அதே ஏற்றம்.

இந்த முறை கிண்ணத்துக்குள் இருக்கும் மிதவையின் உயரத்தை ஸ்கேல் வைத்து அளந்தார். மிதவை தூக்கும் ஊசியை மாற்றினார். டேங்கைத் திரும்ப மாட்டி, தானே ஏறி உட்கார்ந்து, மேம்பாலத்துக்குப் போய்த் திரும்பினார். நான்கு முறை. ஒரு முறைகூட முனகவில்லை. எதிர்க்கடை வாசலில் அண்ணன் டீயோடு நின்று எண்ணிக்கொண்டிருந்தார்.

"என்ன தங்கச்சி, பாலத்துக்குத் திறப்பு விழாவா?"

"நீ ரிப்பன் பிடிச்சுக்கோ அண்ணா."

"ரெண்டு தடவை ஆச்சு. இன்னும் ஒண்ணு. இடம் ஒதுக்கி வச்சிருக்கேன், கவலைப்படாதே."

வியாழன் முழுக்க அக்காவுக்கு மற்ற வேலை ஓடவில்லை. கணவர் பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு வந்தபோது, அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அக்கா பக்கத்திலேயே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் ஓட்டினா ஓடுது. அவர் ஓட்டினா நிக்குது" என்றார்.

"அவர் ஏதாவது வேற மாதிரி ஓட்டுவாரோ?" என்று கணவர் அடுப்பை அணைத்தார்.

"வெள்ளைத் துணி தைக்கற மனுஷன். முட்டையைத் தூக்கிட்டுப் போற மாதிரி ஓட்டுவார்."

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு டெய்லர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். மூன்றாம் முறை. அறைக்குள் வந்தவர், சுவரில் எழுதியிருப்பதைப் படிக்காத மாதிரி மேலே கூரையைப் பார்த்தார்.

அக்கா எந்தச் சாமானையும் கையில் எடுக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரியில் புதுச் சீட்டு எழுதுகிற மாதிரி முதலிலிருந்து கேட்டார்.

"நின்னதும் என்ன பண்ணுவீங்க?"

"ஒண்ணும் பண்ண மாட்டேன். பெட்ரோல் இருக்கான்னு பார்ப்பேன்."

"எப்படிப் பார்ப்பீங்க?"

"மூடியைத் திறந்துதான். இருக்கும். எப்பவும் கழுத்து வரைக்கும் ரொப்பித்தான் வச்சிருப்பேன். மூடிட்டு, கொஞ்சம் நின்னு, உதைப்பேன். ஓடும்."

அக்கா எழுந்துவிட்டார். மூடியைத் திறந்த பிறகுதான் ஓடுகிறது என்றால், குற்றவாளி மூடிதான். கழுத்து வரை பெட்ரோல் இருந்தால் உள்ளே காற்றுக்கு இடமும் குறைவு, சீக்கிரமே நின்றுவிடும். எல்லாம் பொருந்துகிறது. மூடியைக் கழற்றி மறுபடி ஊதினார். திங்கட்கிழமை போலவே காற்று தாராளமாகப் போனது. எதுவும் பொருந்தவில்லை.

மூடியைத் திரும்ப மாட்டினார். "நீங்க ஓட்டுங்க. நான் பின்னால உட்காரறேன்" என்றார்.

"உங்க சட்டை..." என்று டெய்லர் இழுத்தார். அக்காவின் சட்டையில் கிரீஸ் இல்லாத இடம் எது என்று தேட வேண்டும்.

"உங்க மேல படாம உட்காரறேன். எடுங்க வண்டியை."

இருவருக்கும் நடுவில் ஒரு பழைய பேப்பரை மடித்து வைத்துக்கொண்டு கிளம்பினார்கள். அண்ணன் வாசலில் நின்று பார்த்தார்.

தெருமுனை திரும்பியதும் டெய்லர் வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணும் இல்லம்மா. ஒரு நிமிஷம்." அவர் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒன்றை எடுத்தார். பால் நிறத்தில் வழுவழுப்பான ரெக்சின். உள்ளே மெத்தென்று பஞ்சு. விளிம்பில் எலாஸ்டிக். சுற்றிலும் இரட்டைத் தையல், ஒரு நூல் பிசிறு கிடையாது. அதை டேங்க் மூடியின் மேல் வைத்துச் சுற்றிலும் இழுத்துவிட்டார். அளவெடுத்துத் தைத்த தொப்பி மாதிரி கச்சென்று உட்கார்ந்தது.

"தச்சு முடிச்சுப் பத்து நாள்தான் ஆகுது, மழையோ வெயிலோ கழட்டறதில்ல. உங்க கடையில மட்டும் கறுப்பாயிடும்னு, எப்பவும் இங்கேயே கழட்டிப் பையில வச்சுக்குவேன்" என்றார், கொஞ்சம் கூச்சத்தோடு.

அக்காவுக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் சொல்லவில்லை. ஊகத்தை வைத்துக்கொண்டு ஒரு வண்டியைச் சரியாகிவிட்டது என்று சொன்ன பழக்கம் அவருக்கு இல்லை. நோய் கண் முன்னால் வந்து நிற்க வேண்டும். "போங்க" என்றார்.

கடைகள் தாண்டின. பள்ளிக்கூட மதில் தாண்டியது. பெட்ரோல் பங்க் தாண்டி மேம்பாலம் ஏறத் தொடங்கியதும், 'டக டக' சத்தம் இளைத்தது. டெய்லர் கியரைக் குறைத்தார். வண்டி இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, சரியாகப் பாலத்தின் நடு உச்சிக்கு முன்னால் நின்றுபோனது. பின்னால் ஒரு லாரி ஆரன் அடித்தது.

டெய்லரின் தோள்கள் தொங்கின. "பார்த்தீங்களா" என்றார்.

அக்கா இறங்கி, டேங்க் மீது குனிந்து, உறையின் விளிம்பை ஒரு விரலால் தூக்கினார். உள்ளே காற்று 'உஸ்ஸ்' என்று இழுத்துக்கொண்டு போனது. லாரிச் சத்தத்துக்கு நடுவிலும் அது இருவர் காதிலும் விழுந்தது.

"இப்ப உதைங்க."

ஒரே உதை. எஞ்சின் ஓடியது.

டெய்லர் உறையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "நான் தச்சதா?"

"நான் சொன்னது" என்றார் அக்கா. "மழைன்னா மூடி வைங்கன்னு சொல்லி அனுப்பினேன். ஒரு பிளாஸ்டிக் பையைப் போட்டு வைப்பீங்கன்னு நினைச்சேன். டெய்லர்கிட்ட சொல்றோமேன்னு யோசிக்கல. வேற யார் தச்சிருந்தாலும் ஓரத்துல எங்கேயாவது காத்து போயிருக்கும். நீங்க தச்சதுல எறும்பு போகாது."

பிறகு அக்கா சிரித்துவிட்டார். பாலத்தின் மேல் வண்டிகள் ஒதுங்கிப் போக, அவர் கண்ணில் தெரிந்தது பழைய வார்டு. காற்றூசியை மறந்த பாட்டில். அன்று நின்றது மருந்து, இன்று நின்றது பெட்ரோல். பட்டறைப் பாட்டிலில் காற்றுக்குழாயை ஒரு நாளும் மறக்காதவர் அவர்; அதனால்தான் அந்தப் பாட்டிலில் எந்த வண்டியும் மூச்சுத் திணறி நின்றதில்லை. இந்த வண்டியும் நிற்கவில்லை. அண்ணனிடம் இதை எப்படிச் சொல்வது என்று அவர் அங்கேயே யோசிக்கத் தொடங்கிவிட்டார்.

டெய்லருக்கு வேறு கவலை. "அப்ப மழை பெய்தா?"

"மேல ஓட்டை போட்டா தண்ணி போகும்."

"மேல எதுக்கு?" என்றார் டெய்லர். காலரில் குத்தியிருந்த ஊசியை விரல் தானாகத் தடவியது. "பக்கவாட்டுல ஒரு காஜா எடுத்து, அது மேல பாக்கெட்டுக்கு வைக்கற மாதிரி ஒரு மடிப்பு. காத்து போகும், தண்ணி போகாது."

சட்டைப் பொத்தானுக்கு எடுக்கிற காஜாவைப் பெட்ரோல் டேங்குக்கு எடுத்த முதல் ஆள் அவராகத்தான் இருக்க வேண்டும். மாலை ஐந்து மணிக்கு உறை தயாராகி வந்தது. அக்கா அதை மூடியில் மாட்டி, வாளித் தண்ணீரைக் கொட்டிப் பார்த்தார். பிறகு துளையில் ஊதிப் பார்த்தார். பிறகு கழுத்து வரை பெட்ரோல் ரொப்பிய டேங்கோடு மேம்பாலத்தை ஆறு முறை தாண்டினார். உறை முழுக்கக் கறுப்பு விரல் பதிந்திருந்தது. டெய்லர் அதைத் துடைக்கப் போகவில்லை.

சனிக்கிழமை காலை, கடை திறந்த கையோடு, அக்கா அந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு சாலையைத் தாண்டினார். டெய்லர் பதறிப்போய்ப் பின்னாலேயே வந்தார். "அதான் கண்டுபிடிச்சாச்சே. எதுக்கும்மா?"

"மூணு தடவை திரும்பி வந்துச்சு இல்ல? கண்டுபிடிச்சா தள்ள வேண்டாம்னு சுவத்துல எழுதல."

அண்ணன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். பதினெட்டு வருஷத்துக்கும் மேலாகத் தயாராக வைத்திருந்த கிண்டல்கள் எத்தனையோ அவர் வாயில் இருந்திருக்கும். அக்கா வண்டியை ஸ்டாண்டில் போட்டு, உறையைக் காட்டி, நடந்ததை எதையும் விடாமல் சொன்னார், தான் சொன்ன யோசனையால்தான் இது வந்தது என்பது உட்பட. அண்ணன் உறையைக் கழற்றி, காஜாவுக்குள் விரல் நுனியை விட்டுப் பார்த்தார். மாட்டினார். திரும்பக் கழற்றினார்.

"நானா இருந்தா திங்கட்கிழமையே புது கார்புரேட்டர் மாட்டியிருப்பேன்" என்றார். "செவ்வாய்க்கிழமை இன்னொண்ணு."

"புதன்கிழமை?"

"புதன்கிழமை பாலத்தைக் குறை சொல்லியிருப்பேன்." வண்டியின் கைப்பிடியைப் பிடித்து அவரே சாலையின் இந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு வந்து விட்டார்.

மூன்று மணிக்கு டெய்லரின் மனைவி வந்தார். பின்னால் உட்காருவதற்கு முன் அக்காவிடம், "நின்னுச்சுன்னா நான் நடந்து வர மாட்டேன், நீங்கதான் தூக்கிட்டு வரணும்" என்றார். மடியில் இருபது வெள்ளை கோட் கட்டு. பரீட்சை என்றால் முழுப் பரீட்சை. வண்டி போனது. மேம்பாலம் இந்தக் கடையிலிருந்து தெரியாது. அக்கா ஒரு ஜெட்டை எடுத்துக் கழுவினார். கழுவியதையே திரும்பக் கழுவினார். எதிர்க்கடையில் அண்ணன் டீ குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

இருபத்திரண்டு நிமிடம் கழித்துத் தெருமுனையில் 'டக டக டக' கேட்டது. அந்த அம்மாவின் மடியில் கட்டு இல்லை.

"கோட் எங்கே?" என்றார் அக்கா.

"ஆஸ்பத்திரியிலேயே கொடுத்துட்டு வந்துட்டோம். போனதுதான் போனோம்" என்றார் டெய்லரின் மனைவி. இறங்கி, உறையின் மேலிருந்த கறுப்பு விரல் அடையாளத்தைப் பார்த்துக் கணவரிடம் திரும்பி, "இதைத் துவைக்கணும்" என்றார். வண்டியைப் பற்றிய தீர்ப்பு அவ்வளவுதான்.

நாலு மணிக்கு வந்த காபிக் கடைக்காரர் வெறுங்கையோடு போகவில்லை. அண்ணன் தன் பட்டறையின் பின்பக்கம் கிடந்த, எஞ்சினே இல்லாத ஒரு கூட்டைக் காட்டினார். அது இப்போது காபிக் கடைச் சுவரில் இருக்கிறது.

அக்காவின் சுவரில் பழைய வாசகத்துக்குக் கீழே புதிதாக ஒரு வரி சேர்ந்திருக்கிறது: 'முதல் மூன்று கிலோமீட்டர் நீங்கள் ஓட்ட வேண்டும், நான் பின்னால் உட்காருவேன்.' செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வண்டியைக் கொண்டுவருவதாக ஒரு பால்காரர் சொன்னார். காலையில் மட்டும் திணறுகிறதாம். அக்கா அவரை விடிகாலை ஐந்து மணிக்கே, பால் கேன்களோடு வரச் சொல்லியிருக்கிறார்.